குழாயின் அடியில் அண்ணா தேடிய பெயர்

எங்கள் அண்ணா சுன்னாகத்தில் பிறந்து, சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்தபடி கடல் கடந்து இந்த லாங்கன்தால் ஊருக்கு வந்து சேர்ந்தவர். நான் இங்கே பிறந்தவள். அப்பாவுக்குத் தொழிற்சாலை, அம்மாவுக்குத் துப்புரவு வேலை. என்னைத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணா. உலோக வேலையில் தொழிற்பயிற்சி முடித்தபின், பழைய துப்பாக்கிகளை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார்.

பிரித்தானிய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் அவரைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். குழாயின் மேலே லண்டன் கடையொன்றின் பெயர் பூவேலைப்பாட்டோடு செதுக்கியிருக்கும். அந்தக் கடைக்காரர் அரம் ஒன்றைக்கூடத் தொட்டிருக்கமாட்டார்! பல வேளைகளில் உண்மையில் செய்தவர் பேர்மிங்காமில் ஒரு சின்னப் பட்டறைக்காரர். குழாயைக் கழற்றித் திருப்பினால், யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அந்த எழுத்துகளுக்கு உரியவர் யார் என்று தேடுவதே அண்ணாவின் வேலை, விளையாட்டு, கோபம் எல்லாம். ஒரே எழுத்துகள் இரண்டு பேருக்கும் பொருந்தும். அப்போது சுடும் பொறியான பூட்டின் வளைவையும் முத்திரைகளையும் மற்றத் துப்பாக்கிகளோடு ஒப்பிட வேண்டும். நான் லோசான் நகரில் படித்த காலத்திலும் அண்ணா அனுப்பும் படங்கள் கைபேசிக்கு வந்தபடியே இருக்கும். விரிவுரையில் இருந்துகொண்டே பெரிதாக்கிப் பார்ப்பேன்.

ஒருமுறை அப்படியொரு பட்டறைக்காரரை அண்ணா கண்டுபிடித்தபோது, விற்பனை நூலில் லண்டன் பெயரே போதும், மற்றதை எழுதினால் மதிப்புக் குறையும் என்றாராம் முதலாளி. அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணா கொதித்தார்.

"வித்தவன்ர பேரை எடுக்கச் சொல்லி நான் கேக்கேல்லையே. செய்தவன்ர பேரையும் போடுங்கோ எண்டுதானே கேட்டனான்!"

"உங்களுக்கு என்ன, அவர் சொந்தக்காரரோ?" என்று அண்ணி சீண்டினார்.

"ஓம், தேடித்தேடி இப்ப சொந்தமாப் போச்சு."

விடாப்பிடியாக நின்று, அந்தப் பட்டறைக்காரரின் பெயரையும் விற்பனை நூலில் ஒரு வரியாக ஏற்றிவிட்டார். அடுத்த ஆண்டு நோய் வந்தது. கட்டிலில் கிடந்தும் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

இப்படிப்பட்டவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க என்ன நினைவு மலர் வந்தது தெரியுமா? கூர் நகரிலிருந்து மாமா அதன் மாதிரிப் பிரதியோடு வந்தார்.

"அச்சகக்காரர் எல்லாம் எழுதிப்போட்டார், பிள்ளை. கீழ உன்ர பேர் போட்டாச் சரி."

"நான் எழுதேல்லையே மாமா!"

"ஆர் எழுதினால் என்ன? எல்லா வீட்டிலையும் இப்பிடித்தானே நடக்குது."

வாசித்தேன். அண்ணா 'வேட்டையில் சிங்கமாம்'. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத மனுசன், வீட்டுக்குள் வந்த சிலந்தியைக் கடதாசியில் ஏந்திக்கொண்டுபோய்ப் பல்கனியில் விடுகிறவர், சிங்கம்! அடுத்த பக்கத்தில் 'தங்கை புலம்பல்' என்றொரு பாட்டு. என் புலம்பல்! அதே பாட்டு காலமான லோசான் சித்தப்பாவின் மலரிலும் வந்தது. அங்கே 'அப்பா', இங்கே 'அண்ணா'. மற்றபடி கண்ணீர் ஒன்றே. செய்தவரின் பெயரைத் தேடியே வாழ்ந்த ஒருவருக்கு, செய்யாதவளின் பெயர் போட்ட மலரா?

அண்ணி பிரதியை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார். "மாமா, அடியில ஆரின்ர எழுத்து எண்டு பாப்பமே?" அண்ணா போனபின் அண்ணி சிரித்தது அப்போதுதான். சிரித்தபடியே அழுதார்.

"மலர் பிந்தினாச் சனம் என்ன கதைக்கும்?" என்று மாமா முறைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுது. ஞாயிறுக்கு முதல் தா."

ஆகவே 'பல வழிகளிலும் உதவிய அனைவருக்கும்' என்று இந்த மலரில் எழுதமாட்டேன். அண்ணா கோபிப்பார். கடைசி நாள்களில் அவருடைய கால்களைத் துடைத்து எண்ணெய் பூசியவர் ஓர் எரித்திரியத் தாதி. இறுதிச்சடங்கு நாளில் மண்டபத்தில் உண்ட சோறும் கறியும் லோசான் சித்தியின் கைப்பக்குவம். வெங்காயம் உரித்தவர்கள் அவருடைய மகன்மார். அட்டைப்படம் அண்ணி எடுத்தது. அச்சுக்காக அலைந்தவர், என்னைப் பொறுத்துக்கொண்டவர், கூர் மாமா. இவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

கட்டுரையும் அதிலுள்ள பிழைகளும் என்னுடையவை. அண்ணா, திருப்பிப் பாருங்கோ. அடியிலும் இதே பெயர்தான்.

தங்கை
லாங்கன்தால்