வெறும் வயிற்று எடை

என் அக்கா பன்றிப் பண்ணையில் கறுப்புக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டவள். பக்கத்து வெள்ளைக் கொட்டில் மீசைக்காரருடையது. அறுபது நாள் இரண்டு இனத்துக்கும் ஒரே தீவனம், ஒரே அளவு. அதிகமாக எடை போடும் இனம்தான் இனிப் பண்ணையில் இருக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தார். மற்றது லாரி ஏறும், அதைப் பார்ப்பவருக்கும் வேலை இருக்காது.

எடை போடும் நாளுக்கு முந்தின மாலையே தீனித் தொட்டிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் நிறுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கடைசி எடையன்று காலையில் அக்கா முதல் ஆளாகப் போனாள். தொட்டி கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது, பருக்கைகூட இல்லாமல் நக்கப்பட்டு. எடுக்க மறந்தவள் அவள்தான். யாரும் வருமுன் அதை இழுத்து வெளியே போட்டாள்.

ஒவ்வொன்றாக எடைக் கூண்டுக்குள் ஏற்றினார்கள். வெள்ளை சராசரியாக நாற்பத்தொரு கிலோ கூடியிருந்தது. கறுப்பு நாற்பத்திரண்டு. "உங்க பிள்ளைங்க ஜெயிச்சிட்டாங்கம்மா" என்று மீசைக்காரர் சிரிக்கப் பார்த்தார். அவருக்கு வீட்டில் மூன்று பெண்கள். முதலாளி நோட்டை மூடப் போனார்.

"ஐயா, தொட்டிய நான் எடுக்கல. வயித்துல தீனியோட நிறுத்திருக்கோம்" என்றாள் அக்கா.

முதலாளி அவளைத் திட்டவில்லை, பாராட்டவுமில்லை. அன்று மாலை இரண்டு கொட்டில் தொட்டிகளையும் தானே எடுத்து வைத்துப் பூட்டினார். மறுநாள் கறுப்பு நாற்பதரை வந்தது. வெள்ளை அதே நாற்பத்தொன்று.

லாரிப் பலகையில் கறுப்புகள் ஏற மறுத்தன. அக்காதான் முன்னால் நடந்து கூப்பிட்டு ஏற்றிவிட்டாள். அவள் குரலுக்குத்தான் அவை வரும்.

வீட்டில் அம்மா புலம்பித் தீர்த்தாள். எனக்கும் ஆத்திரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்டேன்.

"அடுத்த ஈத்துக் குட்டிங்க அந்தக் கணக்குக்கு வளரணுமேடி. வளராது. அப்போ எல்லாருமே தெருவுல நிப்போம்" என்றாள் அக்கா.

மறுநாளும் விடியுமுன் எழுந்து முகம் கழுவினாள். ரப்பர் பூட்ஸில் ஒரு காலை நுழைத்த பிறகுதான் போக இடமில்லை என்று உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.