தாவூது பாம்பு

எங்கள் பக்கத்தில் யாராவது ஒரு வேலையைத் தலைகீழாகச் செய்துவிட்டால், "என்னவே, தாவூது பாம்பா?" என்று சிரிப்பார்கள். யார் அந்தத் தாவூது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

அவன் போர்டு எழுதுகிறவன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாதிக் கடைகளில் அவன் கைதான். ஊரார் பெயரையெல்லாம் எழுதியவனுக்குத் தன் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வரவேண்டும் என்று ஆசை.

எழுபத்தெட்டில், நான் அச்சுக்கோத்த பிரஸ்ஸின் முதலாளி சண்முகையா, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதத் தாள் போட அவனைக் கூப்பிட்டார். சாமி படங்களுக்குப் பழைய பிளாக் இருந்தது. கட்டம், ஏணி, சின்னப் பாம்புகளைப் பழைய தாளைப் பார்த்து வரையலாம். வைகுண்டத்துக்குப் பக்கத்தில் கடித்து அடிமட்டத்துக்கு இறக்கிவிடும் பெரிய பாம்பை மட்டும் புதிதாக, பார்த்தாலே நடுங்குகிற மாதிரி போடச் சொன்னார். ஓரத்தில் அவன் பெயரையும் போடுவதாகச் சொன்னார்.

"ஏல, நீ தாயம் உருட்டியிருக்கியா?"

"இல்ல மொதலாளி. வாப்பா தொடவே விடமாட்டாங்க. எனக்கும் அதுல பிரியம் கெடையாது. படம்தானே, போட்டுருதேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வெள்ளத்துரை, நீரு தாயக்கட்டையக் கீழ வைக்காத ஆளு. புரூப்ப நீரு பாரும்."

பதினைந்து நாள் குனிந்த தலை நிமிராமல் வரைந்தான். அச்சடிக்கும் முன் பிழை பார்க்க எடுத்த புரூப்பில் அந்தப் பாம்பின் கண்ணைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. எண்களைச் சரிபார்த்தேன், எழுத்துப்பிழை பார்த்தேன், பின்பக்கம் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சு முடிந்ததும், தன் பெயர் முதன்முதலாக விழுந்த தாள் என்று அந்தப் புரூப்பைத் தாவூது ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏகாதசிக்கு மறுநாள் காலையில் கரிவலம்வந்தநல்லூர்க் கடைக்காரர் சுந்தரராஜ் தாள் கட்டோடு வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, ஒங்க பாம்பு கடிச்சா மேல போகணுமா? தலை அடியில கெடக்கு, வாலு வைகுண்டத்துகிட்ட இருக்கு. ஊருல அம்புட்டுப் பயலும் கடி வாங்க அடிச்சிக்கிடுதான்!"

பாம்பின் வாயில் விழுந்தவன் வாலுக்குப் போகவேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தாவூதுக்கு அப்போதும் விளங்கவில்லை. "பாம்பு கீழ எறங்குதுன்னா தலைதானே மொதல்ல வரும்?" என்றான், பாவம். சின்னப் பாம்புகளைப் பழைய தாளில் இருந்தபடியே போட்டவன், பெரியதை மட்டும் ஓட்டுக் கூரையிலிருந்து இறங்கும் நிஜப் பாம்பைப் பார்த்து வரைந்திருக்கிறான்.

"ஆட்டத்துல பிரியமில்லாத பயகிட்ட குடுத்தேன் பாரு!" என்று முதலாளி கட்டைப் பிரித்துக் கிழித்து எறிந்தார். பிரியம் இருந்த நான் மட்டும் என்ன கிழித்தேன்?

"புரூப்ப நீரு பாத்தீரா, இல்லியா?"

"நான் பாத்தப்ப பெரிய பாம்பு இல்ல மொதலாளி. பொறவு சேத்திருக்கான்" என்றேன், வாய் கூசாமல்.

தாவூது என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் வேறொருவர் அந்தப் பாம்பை மட்டும் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். மற்றதெல்லாம் தாவூதின் படம்தான். பெயரை எடுத்துவிட்டார்கள். தாள் நன்றாகப் போயிற்று. தாவூது போர்டு எழுதப் போன இடமெல்லாம், "எங்க பேரயும் தலைகீழா எழுதிராதவே" என்று கேலி செய்தார்கள். அவன் பிரஷ்ஷை வைத்துவிட்டுத் தறிக்குக் கூலிக்குப் போனான். எண்பத்தாறில் செத்தும் போனான்.

நாற்பதாம் நாள் கழிந்து அவன் மனைவி ஆமினாள் பிரஸ்ஸுக்கு வந்தாள். கையில் அந்தப் புரூப்.

"பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாக. மொதலாளி பாத்தா இதயும் கிழிச்சிருவாகன்னு சொல்லுவாக. இதுல அவுக பேரு எங்கன இருக்கு, அண்ணாச்சி? எனக்கு வாசிக்கத் தெரியாது."

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பினாள்.

"பின்னாலயும் என்னமோ எழுதியிருக்கே?"

"சரின்னு எழுதியிருக்கும்மா."

"யாரு எழுதுனது?"

"தெரியலம்மா" என்றேன்.