பெரியப்பா எடுத்த சிக்கு

என் கணவரின் அண்ணன் கடலில் மீன் பிடிப்பவர். சிக்குண்ட கயிற்றைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. அன்று காலை மீனோடு முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர், கூடத்து மேசைமேல் தாறுமாறாகச் சுருண்டு கிடந்த செம்புக் கம்பியைப் பார்த்தார். என் மகள் குளித்துவிட்டு வருவதற்குள் அதை அவிழ்த்து, நீவி, குச்சியில் அழகாகச் சுற்றிவிட்டார்.

அது சிக்கு இல்லை. கல்லூரிக் கண்காட்சிக்காக அவள் பல நாள் வளைத்து வளைத்துச் செய்த புரத மூலக்கூறின் மாதிரி வடிவம். நன்றாக அமைந்தால் சென்னையில் மேற்படிப்புக்குப் பரிந்துரைப்பதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். கண்காட்சி அன்று மதியமே.

“ஐயோ மாமா, என்னா பண்ணிட்டீங்க!” என்றேன்.

“சிக்கு எடுத்தேம்மா. நல்ல கம்பி, வீணாப் போவுதே.”

மகள் வந்து பார்த்தாள். அழுவாள் என்று முந்தானையோடு காத்திருந்தேன். அவளோ, “பெரிப்பா, கொக்கியெல்லாம் இருக்கா?” என்றாள்.

“ஒண்ணையும் பிய்க்கல கண்ணு.”

நிறத்துக்கு இரண்டாகக் கம்பியில் கொக்கிகள் வைத்திருந்தாள். நீண்ட புரதச் சங்கிலி எங்கெங்கே தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அவை அடையாளம். சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் நாங்கள் மூவரும் மாட்ட மாட்ட, கம்பி பழைய வடிவத்துக்கு வந்தது. பதற்றத்தில் நான் மஞ்சளை நீலத்தோடு மாட்டினேன். எல்லாம் கோணிக்கொண்டது.

“போச்சு. உருவம் மாறுனா புரதம் வேலை செய்யாதும்மா,” என்று மகள் அதைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

“வலையும் அப்படித்தான்,” என்றார் அவர். “ஆமா, ஒடம்புக்குள்ள இத யாரு மாட்டுறது?”

“யாருமில்ல. தானாவே மடிஞ்சிக்கும்.”

“எங்க வலைக்கு அந்தப் புத்தி வரலியே!”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். “பெரிப்பா, நீங்களும் கெளம்புங்க.”

கண்காட்சியில், தேர்வாளர்கள் கண்ணெதிரே அவரையே மாதிரியை முழுதாக அவிழ்க்கச் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, நிறத்தோடு நிறம் சேர்த்து மறுபடி மடித்து, கடைசிக் கொக்கியைத் தலைமைத் தேர்வாளரே ஆசையாக மாட்டிக்கொண்டிருந்தார்.

பரிந்துரை கிடைத்துவிட்டது. இன்று அவள் சென்னைக்குப் புறப்படுகிறாள். என் படபடப்புதான் இன்னும் அடங்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது, பெட்டிக்கு நான் கட்டிய கயிறு சிக்காக இருக்கிறதாம், மாமா நிதானமாக உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.