தைக்குப் போகாத சீர்

கல்பகம் சிஸ்டருக்குக் கோபமே வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். தப்பு. வரும், வெளியே காட்டமாட்டார். அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற எனக்குத் தெரியும்.

ஹைதராபாத் பக்கம் குஷாய்குடாவில் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. கல்பகத்தின் அப்பா ரயில்வே பட்டறைக்காரர், ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர். மகள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான். அதற்கப்புறம் வார்டுதான் வீடு. தமிழ் பேசுகிற நர்ஸ் அவர் ஒருத்தர்தான். தமிழ்க்காரர் யார் வந்து படுத்தாலும் டாக்டர் சொல்வதை அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடாததை மறைக்க வேண்டியதும் அவர்தான்.

ஐப்பசி மழையில் ரகுநாதன் வந்து சேர்ந்தார். அவரும் பட்டறையில் ரிட்டயர் ஆனவர். வயிற்றில் புற்று, ஈரல் வரை ஏறிவிட்டது. கச்சிபௌலியில் வேலை பார்க்கும் மகன் முரளி, அப்பாவிடம் அல்சர் என்றே சொல்லவேண்டும் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டான். கெட்டவன் இல்லை. தெரிந்தால் அப்பா அன்றைக்கே உடைந்துவிடுவார் என்று பயந்தான். டாக்டரும் சரி என்றுவிட்டார். புற்று என்ற பேச்சையே அந்த வார்டில் யாரும் எடுக்கவில்லை.

கிழவர் கிண்டல்காரர். ஊசி போட வந்தால், "உனக்கு நர்ஸ் வேலை எதுக்கும்மா? கோணி தைக்கப் போயிருக்கலாம்" என்பார். அவருக்கு ஒரு மகள், ஷர்மிளா. கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றோடு பேச்சு அறுந்தது, தலைப்பொங்கலுக்குச் சீர்கூடப் போகவில்லை. அவள் இருப்பது ஏ.எஸ்.ராவ் நகரில். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே போகலாம். இந்தத் தைக்குத் தன் கையால் சீர் கொண்டுபோவதென்று கிழவர் முடிவு செய்திருந்தார். வெண்கலப் பானை, கரும்பு, மஞ்சள்கொத்து, புடவை என்று கல்பகத்திடம் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் தை வரை தாங்கமாட்டார் என்று கல்பகத்துக்குத் தெரியும். இப்போதே போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"படுத்துக்கினு கூப்டா சாவுக்குப் பயந்து கூப்டான்னு ஆயிடும்மா. சீரோட வாசல்ல போய் நின்னாத்தான் நான் அப்பன்."

கல்பகம் முரளியைத் தனியே கூப்பிட்டு, அக்காவையாவது வரச் சொல்லுங்கள் என்றார். அக்கா திடீரென்று வந்து நின்றால் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிடும் என்று அவன் மறுத்தான். டாக்டரிடம் போனார். குடும்ப விஷயத்தில் நாம் நுழையக்கூடாது என்றார் அவர்.

ஒருநாள் ஸ்கேனுக்குக் கூட்டிப்போக நான் சக்கர நாற்காலியோடு நிற்கிறேன். கிழவர் கல்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் மழுப்புறாங்க. நீ தமிழ்ல சொல்லு. தைக்குள்ள எழுந்து நடப்பேனா?"

வாசலில் முரளி நின்றிருந்தான். கல்பகம் அவனைப் பார்த்தார். பிறகு போர்வையைச் சரிசெய்தார்.

"நடப்பீங்கப்பா."

கிழவர் முகம் தெளிந்துவிட்டது. அதுக்கப்புறம் போன் பேச்சை எடுக்கவே விடவில்லை.

மார்கழி முடியுமுன் போய்விட்டார். ஷர்மிளா ஓடிவந்தபோது உடம்பை நான் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டிருந்தேன். கல்பகம் பக்கத்தில் நின்றிருந்தார். கடைசிவரை தன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். நினைத்தார் என்று சும்மா தலையசைத்திருந்தால் முடிந்திருக்கும். கல்பகம் சீர் விஷயம் முழுக்கச் சொன்னார், பானை, மஞ்சள்கொத்து வரைக்கும்.

"அப்போ ஏன் கூப்பிடலை?"

"தைக்கு எழுந்துடுவீங்கன்னு நாந்தாம்மா சொன்னேன்."

ஷர்மிளா திட்டவில்லை. அப்பா காலைப் போர்வைக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தாள். "இங்கதான் இருக்கேன் சிஸ்டர். தினமும் இந்த வழியாத்தான் பஸ்ஸுல போறேன்" என்றாள்.

பொங்கலன்று கல்பகம் டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். புதுசாக ஒரு குடும்பம் வந்து, பெரியவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியது. கல்பகம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மருந்துத் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.