அட்டைப் பாட்டும் செவப்பு சவுக்காரமும்

எம் பேத்தி ராப்பு பாடுறவ. பண்டாரவளையில ஒரு போன் கடையில வேல. தேயிலத் தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்கு வந்தா தன்னால முணுமுணுத்துக்கிட்டே திரிவா. புள்ளைக்கு ஏதோ காத்து கறுப்பு பட்டுருச்சுன்னு நான் துன்னூறு கூட போட்டு விட்டேன். மொத ஆல்பம் வந்தப்பதான் வெளங்குச்சு. அடுப்படியில நான் திட்டுனதையெல்லாம் கள்ளத்தனமா போன்ல புடிச்சு பாட்டுக்கு நடுவுல சொருகி வச்சிருந்தா. "எருமமாடே, எந்திரிச்சு மூஞ்சிய கழுவுடி"ன்னு நான் கத்துறேன், பின்னால டம்மு டம்முன்னு மேளம்! வெலிமட பஸ்ஸுல அதுதான், ஆட்டோவுல அதுதான். காலையில பெரட்டுல வேலைக்கு ஆளுங்கள நிக்க வச்சு பேர் போடுற கங்காணி கூட "எருமமாடே"ன்னு பாடிக்கிட்டே பேர் போட்டாரு. மானம் போச்சுன்னு ஒரு நாள் முழுக்க நான் அவகூட பேசல. மறுநாள் எந்தெந்த பஸ்ஸுல போடுறாங்கன்னு விசாரிச்சேன்.

போன வருஷக் கடைசியில ரெண்டாவது ஆல்பம் வந்துச்சு. அதுல நான் இல்ல.

ஒரு எருமமாடு கூட இல்ல. எட்டுப் பாட்டு, எட்டும் அழுக. கூர ஒழுகுது, கொழுந்துக் கூட கனக்குது, குளிருது. போதாததுக்கு அட்டைக்கு ஒரு பாட்டு. மலையில கொழுந்து எடுக்குறப்ப கால்ல ஏறி ரத்தம் குடிக்குமே, அதே அட்டதான்.

பாட்டுங்கள அலசி போன்ல பேசுற கண்ணாடிக்காரத் தம்பி ஒருத்தரு கொழும்புல இருக்காரு. அவருக்கு சந்தோஷத்துல தல கால் புரியல. "இந்த இரண்டாவது தொகுப்பில் இவர் முதிர்ச்சி அடைந்திருக்கிறார். அட்டை என்பது உழைப்பை உறிஞ்சும் அமைப்பின் குறியீடு"ன்னு அரமணி நேரம் பேசுனாரு. அவ அத மூணு தடவ போட்டுக் காட்டுனா. நல்லவேள, எனக்கு பல்லு வலின்னு சொல்லி தப்பிச்சேன்.

எங்க பொம்பளைங்க நெலவரம் வேற. பக்கத்து காம்பராக்காரி, அதான் ஒட்டுன வீட்டுக்காரி, கொழுந்து எடுக்குறப்ப இடுப்புல போன சொருகி பாட்டு போடுவா. அட்டைப் பாட்டு பாதி ஓடுறதுக்குள்ள நிப்பாட்டிட்டு என்னைய கேட்டா, "ஏன்க்கா, கை கால் கழுவுற செவப்பு சவுக்காரத்த கால்ல பூசிக்கிட்டு வந்தா அட்ட ஏறாது. இதுக்கு எதுக்கு ஒம் பேத்தி நாலு நிமிஷம் அழுவுறா?"

"எனக்கென்னடி தெரியும், அது குறியீடாம்."

"எது ஏறுனாலும் சவுக்காரந்தான்"ன்னுட்டு பழைய எருமமாட்டையே போட்டா.

போன்ல எழுதுறவங்களும் அதேதான் எழுதுனாங்க. "அக்கா, பழைய மாதிரி பாடுங்க." "திட்டுற பாட்டி எங்க?" அவ ஒவ்வொண்ணா வாசிக்க வாசிக்க எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. மூஞ்சிய மட்டும் எழவு வீட்டுக்கு போறவ மாதிரி வச்சிருந்தேன்.

"நீ சொல்லு அம்மாயி. நெசமா எப்புடி இருக்கு?"

"அருமையா இருக்குடி."

"கடைசிப் பாட்டு?"

"அதுதான் உசிரு." மூணாவது பாட்டுலயே நான் தூங்குனது அவளுக்கு தெரியாதுல்ல.

"கடைசியில பாட்டே இல்ல அம்மாயி. மழச் சத்தம் மட்டுந்தான்."

"அதத்தான்டி சொல்றேன். நல்ல மழ."

அப்பத்தான் தோட்டத்து கோயில் திருவிழா வந்துச்சு. கோயில் தலைவரு வந்து, "பழைய பாட்டா பாடும்மா, புதுசுன்னா ஆளுங்க எந்திரிச்சு போயிருவாங்க"ன்னாரு. "புதுசுதான் பாடுவேன்"னு இவ நின்னுட்டா. அவரு போனப்புறம் வாசப்படியில ஒக்காந்து, "கொழும்புல நல்லாருக்குன்னு சொன்னா எனக்கென்ன அம்மாயி? இது ஒங்க பாட்டு. ஒங்களுக்கே புடிக்கலன்னா நான் யாருக்கு பாடுறது? அன்னைக்கு எடுபடலன்னா இனி மைக்க தொடமாட்டேன்"னா.

அவ சும்மா சொல்ற சாதி இல்ல. பத்து வயசுல கருவாடு திங்கமாட்டேன்னு சொன்னவ, இன்னைக்கு வரைக்கும் தொடல.

திருவிழா அன்னைக்கு பின்னேரம் நாலு மணி, மழைக்கு முந்தி மேடை ஏறுனா. முன்னால கதிரையில பெரிய கணக்கப்புள்ள, புது சப்பாத்து பளபளக்க கால்மேல கால் போட்டு ஒக்காந்திருந்தாரு. கொழுந்து நிறுக்கையில தண்ணிக்கு இத்தன, சாக்குக்கு இத்தனன்னு கிலோவ வெட்டுறவரு. மொத ரெண்டு பாட்டுக்கு பொம்பளைங்க கடல ஒடச்சாங்க. புள்ளைங்க ஐஸ்கிரீம் வேனுக்கு ஓடிருச்சுங்க. பக்கத்து காம்பராக்காரி கொட்டாவி விட்டா. மேடையில எம் பேத்தி அதையெல்லாம் பாத்துக்கிட்டேதான் பாடுனா.

மூணாவது, அட்டைப் பாட்டு. அதுல ஒரு எடத்துல மேளம் நின்னுரும். அவ மட்டும் கைய விரிச்சு, "இந்த அட்டைய ஒழிக்க என்ன வழி?"ன்னு கேட்டுட்டு கண்ண மூடிக்கிருவா. எல்லாரும் நெஞ்சடச்சு போயி கெடக்கணுமாம், அதுக்குத்தான் அந்த இடவெளி.

கேட்டா. கண்ண மூடுனா.

"சவுக்காரம் பூசுடி!"

கத்துனது நாந்தான். சத்தியமா யோசிச்சு கத்தல. வழி கேட்டா, சொன்னேன். கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. அவ கண்ணத் தொறந்தா. ஐயோ, நானே எம் புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனேன்னு முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன்.

அவ அழுவல. மைக்க வாய்க்கிட்ட கொண்டாந்து கேட்டா, "எந்த சவுக்காரம்?"

"செவப்பு சவுக்காரம்!"ன்னாளுங்க பொம்பளைங்க.

"எங்க பூச?"

"கெண்டக்கால்ல!"

மேளம் திரும்ப வந்துச்சு. அவ கேக்க, இவளுங்க சொல்ல, கடலப் பொட்டலமெல்லாம் கீழ கெடக்கு, எல்லாம் எந்திரிச்சு நிக்கிறாளுங்க. அப்ப அவ மேடை நுனிக்கு வந்து குரல எறக்குனா. "அது கால்ல ஏறுற அட்டைக்கு. தராசுல ஏறுற அட்டைக்கு?"

மொத்தக் கூட்டமும் கணக்கப்புள்ளைய பாத்துச்சு. மனுசன் ரெண்டு காலையும் தூக்கி கதிரை மேல வச்சுக்கிட்டாரு.

"அதுக்கும் சவுக்காரம்!"

அன்னைக்குத்தான் எனக்கு அந்தப் பாட்டு வெளங்குச்சு. அரமணி நேரம் பேசியும் கொழும்புத் தம்பியால எம் மண்டையில ஏத்த முடியாதது, அந்த சப்பாத்து மேல தூக்குனதுல ஏறிருச்சு. அதே பாட்ட அவ இன்னும் ரெண்டு தடவ பாடிட்டுத்தான் எறங்குனா.

கொழும்புத் தம்பி மறுபடியும் பேசுனாரு. "பார்வையாளரையும் பாடலுக்குள் அழைக்கும், நன்கு திட்டமிட்ட உத்தி"யாம். நான் தேத்தண்ணிய மூக்கு வழியா விட்டேன்.

வீட்டுல அவ கேட்டா, "மொதல்ல கத்துனது யாரு அம்மாயி?" திட்டு விழும்னு பயந்து, பக்கத்து காம்பராக்காரிய காட்டிக் குடுத்துட்டேன். அங்கதான் என் புத்தி போச்சு. போன கெழம வந்து சொல்றா, அந்தப் பாட்ட கூட்டத்துக் குரலோட திரும்ப எடுக்குறாளாம். மொதக் குரலு குடுக்க பக்கத்து வீட்டு அத்தைய கூட்டிட்டு போறாளாம். அந்த சிறுக்கி அதுக்குள்ள பவுடர் பூசி, சேல மாத்தி வாசல்ல நிக்கிறா!

எனக்கு பொறுக்கல. "அடியே எருமமாடே, கத்துனது நாந்தான்டி! என் குரலு ஒனக்கு தெரியாதா?"ன்னு லயமே அதிர கத்துனேன்.

அவ சிரிச்சுக்கிட்டே முதுகுக்குப் பின்னால இருந்த கைய முன்னால கொண்டாந்தா. கையில போன். செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.