வருஷத்துக்கு ஓர் உருட்டு

புல் வெட்டுவது பெரிய வேலையில்லை. வெட்டிய புல்லில் யாரும் மாடு கட்டாமல், நெல் காயப்போடாமல், கிரிக்கெட் ஆடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பள்ளிக்கூட மைதானம், கோயில் வீதி, வாசிகசாலையில் உட்காருகிற வாங்கு என்று ஊருக்குப் பொதுவான எதையாவது காவல் காத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நான் காத்தது உருட்டுத்திடல். வாழைச்சேனையிலிருந்து பனிச்சங்கேணிக்குப் போகிற வழியில், வாவிக்கரையில் இருக்கிறது.

காணி வந்த கதை

எங்கள் உருட்டுக் கழகத்தின் சரித்திரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மப்பா சாப்பிட்ட கை காயும்வரை சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. ரோட்டுப் போட வந்த பறங்கி ஓவசியர் ஒருவர் எட்டுக் கறுப்புப் பந்துகளோடு வந்தாராம். மரப் பந்துதான், ஆனால் இரும்பைப் போல் கனம். ஒரு பக்கம் பாரம் கூட, அதனால் நேராக உருட்டினாலும் வளைந்துதான் போகும். தூரத்தில் ஒரு வெள்ளைக் குட்டிப் பந்தை வைத்து, ஆளுக்கு நாலு பந்து உருட்டி, யாருடையது குட்டிக்குக் கிட்ட நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. இவ்வளவுதான் விளையாட்டு.

அதற்கு மேடுபள்ளமில்லாத தரை வேண்டும். ஊரில் அப்படி இருந்தது பெரிய வயற்காரரான போடியாரின் களத்துமேடு மட்டும். அதை அவர் கழகத்துக்குக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரு சித்திரைப் பிறப்புக்கும் அடுத்த சித்திரைப் பிறப்புக்கும் இடையில் ஓர் ஆட்டமாவது அந்தக் காணியில் நடக்க வேண்டும். ஆடிய இருவரும் ஆட்டக் கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போடியார் சொன்னாராம்: “ஆடுற மட்டும் உங்கட. ஒரு வருசம் ஆடாம விட்டீங்களெண்டா, மறுகா அது என்ட.”

பிள்ளையார் பங்கு

திடலில் இருப்பது அறுகம்புல். அது பந்துக்கும் நல்லது, பிள்ளையாருக்கும் நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் நான் போவதற்குள் நாலைந்து பெண்கள் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். பிடுங்கிய இடத்தில் பந்து துள்ளும்.

எனக்குச் சத்தம் போட வராது. வடக்கு ஓரத்தில் மட்டும் எடுங்கள், வேரோடு இழுக்காமல் கிள்ளி எடுங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர்களில் மூத்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: “பிள்ளையார்ட பங்கத்தான் எடுக்கிறம் தம்பி. மிச்சத்தில நீங்க உருட்டுங்க.”

தாழ்ந்தவை

கடல் வந்த வருஷம் எங்கள் கழகத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். கடல் வந்த அன்று மாலை எண்ணியபோது ஏழு பேர். கழகக் கொட்டில், வாங்குகள், ஸ்கோர்ப் பலகை எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. ஆட்டக் கொப்பி மட்டும் கோடு போடுவதற்காக என் வீட்டில், கூரைக்கடியில் சொருகிக் கிடந்தது. சுவர் போன பிறகும் கூரை நின்றது. பந்துகளை யாரும் நினைக்கவில்லை. நினைக்கிற நேரமும் அதுவல்ல.

ஊரில் உப்பு மண்ணுக்குள் மேடாக நின்றது திடல்தான். அதனால் கூடாரங்களையெல்லாம் அங்கேதான் அடித்தார்கள். ஒரு கூடாரத்துக்குக் கம்பு நடக் குழி தோண்டும்போது, கொட்டில் நின்ற இடத்தில், மண்ணுக்கடியில் பந்து தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட ஏழு கிடைத்தன. எட்டாவதைக் கடைசிவரை காணவில்லை. கழகத் தலைவர் ஒஸ்மண்ட் மாமா பறங்கித் தச்சர். அந்த மரம் தண்ணீரில் மிதக்காது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு பந்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மிதந்ததெல்லாம் பொயித்து மனே. தாழ்ந்ததுதான் மிச்சம்.”

கூடாரக் கயிறுகளுக்கு நடுவில்

பங்குனியில் சின்னப்போடியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். பழைய போடியாரின் பேரன், வாழைச்சேனைக்காரர். எங்கள் காணியில் அரிசி ஆலை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கெட்ட மனிதர் அல்ல. கூடாரத்தில் இருந்த எல்லோரையும் சுகம் விசாரித்துவிட்டு, இந்த வருஷம் ஆட்டம் நடந்ததா என்று மெதுவாகக் கேட்டார். காணி அவரிடம் போனால் கூடாரங்கள் எங்கே போகும் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாவீடு மாறாத ஊரில் பந்து உருட்டுவதா என்று எங்களுக்குள் தயக்கம். முடிவெடுத்தது நேசம் அக்கா. தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர், கழகத்தின் கெட்டிக்கார ஆட்டக்காரி. அவருடைய கணவரையும் கடல் கொண்டுபோயிருந்தது. தன் கூடாரத்துக்கு முன்னால் கிடந்த பானை சட்டிகளை ஒதுக்கி, இரண்டு கயிறுகளை அவிழ்த்து, பந்து போக வழி செய்தார். ஒஸ்மண்ட் மாமா வேப்பங்கட்டையில் புதுக் குட்டி கடைந்திருந்தார். ஏழு பந்து என்பதால் அக்காவுக்கு நாலு, எதிரே ஆடிய எனக்கு மூன்று. பிள்ளைகள் கூடாரச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆடி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு நேசம் அக்கா சொன்னார்: “கயித்தக் கட்டு தம்பி. காத்து வருது.”

சோதனைச்சாவடி

உப்பில் ஊறிய பந்துகளைத் தேய்த்து மெருகேற்ற ஒஸ்மண்ட் மாமாவின் தம்பி பட்டறைக்கு, டவுனுக்குக் கொண்டுபோனோம். கறுப்பாக, உருண்டையாக, கனமாக ஏழு சாமான்களை உரப்பையில் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டியவர்கள் உங்களில் எத்தனை பேரோ தெரியாது. பையைத் திறந்ததும் எங்களைச் சுற்றி ஒருவரும் இல்லை. எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால்.

விளையாட்டுச் சாமான் என்று மாமா சிங்களத்தில் சொன்னார். நம்பவில்லை. விளையாடிக் காட்டச் சொன்னார்கள். மாமா ரோட்டில் குந்தி ஒன்றை உருட்டினார். அது நேராகப் போய், பிறகு மனம் மாறியதைப் போல வளைந்து, இளம் ஆமிக்காரர் ஒருவரின் சப்பாத்தடியில் போய் நின்றது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, பந்தை எடுத்து மாமாவிடம் நீட்டினார்: “ஐயா, இன்னொருக்கா உருட்டுங்க.”

ஆள் இல்லாத வருஷம்

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. ஊரோடு எழும்பி ஓடினோம். பந்துகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வலைத்துண்டில் கட்டித் திடல் மூலைக் கிணற்றில் இறக்கினேன்; தாழ்ந்தால் மிஞ்சும் என்று படித்திருந்தேனே. குட்டியைச் சட்டைப்பைக்குள்ளும் கொப்பியை ஷொப்பிங் பைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். முகாம் முகாமாக அவை என்னோடு வந்தன.

மீள்குடியேற்றத்தின் முதல் பஸ்ஸில் என் பெயர் இருந்தது. நேசம் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் அடுத்த கிழமைதான். ஒஸ்மண்ட் மாமா டவுனில் படுக்கையில். சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் இருந்தது. கண்ணிவெடி பார்ப்பவர்கள் திடலைப் பார்த்து முடித்திருந்தார்கள். புல் முழங்கால் உயரம். அக்காவின் வீடு இருந்த இடத்தில் கல்லுகூட இல்லை. அவர்கள் திரும்பி வந்தால் மறுபடி கூடாரம்தான், அதுவும் இந்தத் திடலில்தான். ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை அரிந்து, பந்து போக ஓர் ஓடை எடுத்தேன். பந்துகளைக் கிணற்றிலிருந்து தூக்கினேன். ஆட இன்னோர் ஆள் மட்டும் இல்லை.

மறுநாள் சின்னப்போடியார் வந்தார். “ஆட ரெண்டு பேர் வேணும், நான் ஒருத்தன்தான்” என்றேன்.

“தெரியும். அதுதான் வந்தனான்” என்று மோட்டார் சைக்கிளிலேயே சாய்ந்து இருந்தார்.

எனக்கு வேறு வேலை இல்லாததால் தனியே உருட்டினேன். முதல் பந்து குட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. “இன்னும் கொஞ்சம் வலத்தால விட்டிருக்கோணும்” என்றார். இரண்டாவதும் தள்ளி நின்றது. “சொன்னாக் கேளன் கா” என்றார். மூன்றாவதற்கு இறங்கி வந்து கையை நீட்டினார். இத்தனை வருஷமும் வேலியோரம் நின்று பார்த்தவர். ஒருநாளும் யாரும் அவரை ஆடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் அவரை எதிரியாகவே பார்த்துப் பழகியிருந்தோம்.

முதலிலிருந்து ஆடினோம். விருந்தாளி என்று அவருக்கு நாலு பந்து கொடுத்தேன். முதல் பந்து புல்லுக்குள் போய்விட்டது. ஆறாவது சுற்றில் கை பழகிவிட்டது. பதினொரு புள்ளி ஆட்டம். பதினொன்றுக்குப் பத்து என்று அவர் வென்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, சத்தியமாக. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குட்டியைத் தொட்டபடி நின்ற தன் கடைசிப் பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

நான் கொப்பியை விரித்துப் பேனையை நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைத் திருப்பித் தன் தாத்தாவின் கைநாட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் காணி போகும். போடாவிட்டால் வென்றது போகும். வாவிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கிக்கொண்டு கேட்டார்: “வெண்ட ஆள்ர பேரை மேலயா எழுதுற, கீழயா?”

யுத்தம் முடிந்து, கூடாரங்கள் போய், நேசம் அக்காவின் புதுக் கடை திடலுக்கு எதிரே வந்த பிறகும், சின்னப்போடியார் பங்குனி பிறந்தால் வந்து, ஆட்டத்தை வென்று காணியைத் தோற்று, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகிறார்.