பம்பு கம்பெனிப் பங்கும் என் வீட்டுக்காரர் நெஞ்சும்

சித்திரை வெயிலில் ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நடந்து வந்த என் வீட்டுக்காரர், மூச்சு முட்டி ஒரு செருப்புக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் போன் செய்ய, நான் ஓடினேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். தனியார் ஆஸ்பத்திரி என்றால் பணம் கட்டின வாரமே செய்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், நன்றாகவும் செய்வார்கள், ஆனால் வரிசை நீளம். அதுவரை இந்த வால்வு தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

எங்களிடம் சொத்து என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பம்பு கம்பெனியின் பங்குகள். "வித்துக் கட்டிடறேன் சார்" என்று டாக்டரிடம் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் வேறு பேச்சு. இப்போது விற்கக் கூடாதாம். கம்பெனிக் கூட்டம் முடியட்டுமாம்.

நான் தி.நகர் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பவள். எனக்குப் பங்குச் சந்தை தெரியாது என்று இவர் எல்லோரிடமும் சொல்லுவார். தெரியாதுதான். ஆனால் மூச்சுவிட முடியாத ஒரு மனிதன் எதை முதலில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் விற்கும் கடையில் விற்பனையாளராக இருந்தவர். அந்தக் கம்பெனி மோட்டாரைத்தான் அதிகம் விற்றார். நான் விற்றதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார். கடையை விட்டு நின்றபோது வந்த பணத்தை அப்படியே அந்தக் கம்பெனிப் பங்கில் போட்டார். என் சங்கிலியும் போனது. மோட்டார் நல்லது, அதனால் கம்பெனி நல்லது, அதனால் பங்கு நல்லது. இவ்வளவுதான் இவருடைய கணக்கு. திரும்பி வராத மோட்டாரை விற்றால் அதே ஆள் அடுத்த மோட்டார் வாங்க எப்போது வருவான் என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கம்பெனி புதுத் தொழிற்சாலை கட்டக் கடன் வாங்கியது. வெளிநாட்டு மோட்டார் பாதி விலைக்கு வந்தது. பங்கு விலை இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க இவர் இன்னும் வாங்கினார். அதற்கு ஆவரேஜ் பண்ணுவது என்று பெயராம். ஓட்டைப் பானையில் ஊற்றிக்கொண்டே இருப்பதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர்.

இவர் தனியாக இருந்திருந்தால் நான் எப்படியாவது விற்க வைத்திருப்பேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மயிலாப்பூரில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இன்னொருவர் பாலவாக்கத்துக்காரர், மீனுக்கு ஐஸ் சப்ளை செய்பவர். மூவரும் சிநேகமானது கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில். அப்போதெல்லாம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் கூட்டம் நடக்கும். நூறு பங்கு வைத்திருப்பவனும் வேஷ்டி கட்டிக்கொண்டு போவான். கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். முடிந்ததும் கொடுக்கும் டிபன் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். பாதாம் அல்வா இருந்தால் கம்பெனி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இவர் அதைத் தின்னாமல் எனக்கு எடுத்துவருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் அல்வா போய் மிக்சர் பொட்டலம் வந்தது. அன்றைக்கே விற்றிருக்க வேண்டும். சிக்கனம் செய்கிறார்கள், நல்ல நிர்வாகம் என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு கூட்டமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

கூட்டம் முடியும்வரை மூவரில் யாரும் விற்பதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் சந்தை திறக்கும் நேரத்துக்கு ஒருவருக்கொருவர் போனில் ஒரு வரி அனுப்புவார்கள்: கையில் இருக்கிறது. மற்ற இரண்டு பேரிடமிருந்தும் அது வந்தால்தான் இவருக்குக் காபி இறங்கும். அதனாலேயே நெஞ்சு விஷயத்தை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால், விற்க வழி தேடுகிறான் என்று நினைப்பார்களாம். எனக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார்.

ஒருநாள் பாண்டி பஜாரில் புடவைகளைக் கொடுத்துவிட்டு நேராக அவர்கள் கூடும் லஸ் முனை டீக்கடைக்குப் போனேன். மூவரும் வெளியே நின்று விவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மேனேஜருக்குக் கம்பெனியின் நிலத்தில் நம்பிக்கை. அம்பத்தூர் பக்கம் இருக்கும் நிலத்தை விற்றாலே எல்லாக் கடனும் தீர்ந்து மிச்சமும் இருக்கும் என்றார். பாலவாக்கத்துக்காரருக்கு வடக்கிலிருந்து ஒரு பெரிய முதலாளி வந்து வாங்கப்போகிறான் என்பதில் நம்பிக்கை. கடற்கரைச் சாலையோரம் இருந்த தன் மனையை அவசரப்பட்டு விற்றவர் அவர். பக்கத்து மனைக்காரன் பொறுத்திருந்து விற்று மாடிமேல் மாடி கட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவர் எதையும் விற்பதில்லை. ஓடாத ஸ்கூட்டரைக்கூட வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு மோட்டாரில் நம்பிக்கை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதுபோல் மறுத்து, கடைசியில் மூவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். விற்கக் கூடாது.

"பேங்க்ல இருந்தவர்தானே நீங்க," என்று மேனேஜரைக் கேட்டேன். "கடன் வாங்கின கம்பெனி திவாலானா முதல்ல யாருக்குப் பணம்?"

"பேங்க்குக்குத்தாம்மா."

"அப்புறம்?"

"மத்த கடன்காராளுக்கு."

"எங்களுக்கு?"

அவர் டீயைக் குடித்தார். "அந்த ஸ்டேஜுக்கெல்லாம் போகாதும்மா. அம்பது வருஷக் கம்பெனி."

"இன்னாக்கா நீ," என்று பாலவாக்கத்துக்காரர் சிரித்தார். "புது மொதலாளி வந்தா ரேட்டு ஏறும், எறங்குமா? ஆளு வந்துக்கினே கீறான்."

புது முதலாளி வந்தால் பழைய பங்கு இருக்குமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துப்போனார். ஏறும்போது படியில் இரண்டு முறை நின்றார்.

சரி, அந்தக் கேள்வியையே கூட்டத்தில் கேளுங்கள் என்றேன். மூவரும் பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்தார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். நிலத்தைப் பற்றி மேனேஜர், புது முதலாளியைப் பற்றி பாலவாக்கத்துக்காரர், எங்கள் பங்கு தப்புமா என்று இவர். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இவரைச் சொல்லச் சொல்லி ஒப்பிக்க வைத்தேன்.

கூட்டத்தன்று மேனேஜர் வீட்டில் கூடினோம். அவர் சம்சாரம் காபி கொடுத்தார். மேஜைமேல் லேப்டாப். திரையில் சேர்மன், பக்கத்தில் இன்னும் சில முகங்கள். முதலில் மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சேர்மனுக்கு, சேர்மனின் காலம்சென்ற தகப்பனாருக்கு, போர்டுக்கு, செக்ரட்டரிக்கு எல்லாம் நமஸ்காரம் சொன்னார். சபாவில் நடந்த கூட்டங்களை நினைவுபடுத்தினார். அந்தப் பாதாம் அல்வாவின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது, அடுத்த வருடமாவது பழையபடி நேரில் கூட்டம் வைக்க வேண்டும் என்றார். நேரம் முடிந்தது. நிலம் என்ற சொல்லே வரவில்லை. படித்த மனிதர், பேங்கை நடத்தியவர். பெரிய மனிதரை நேரில் பார்த்ததும் குழைந்துவிட்டார். நேரில்கூட இல்லை, கம்ப்யூட்டரில்.

அடுத்து பாலவாக்கத்துக்காரர். மைக்கை எப்படித் திறப்பது என்று தெரியாமல், சார் கேக்குதா, சார் கேக்குதா என்று கத்தியே நேரம் போனது. திறந்தபோது அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்தவர் என் வீட்டுக்காரர். மரியாதைக்காக எழுந்து நின்றார். கேமராவில் அவருடைய சட்டைப் பொத்தானும் வயிறும்தான் தெரிந்தன. உங்கள் மோட்டாரை என் கையால் விற்றிருக்கிறேன் ஐயா, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று ஆரம்பித்தார். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கேள்வி மறந்துவிட்டது.

நான் குனிந்து லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டேன்: "கம்பெனி கைமாறினா எங்க பங்கு இருக்குமா, போயிடுமா? இருக்கும், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெயர் பதிவு செய்த உறுப்பினர் மட்டுமே பேசலாம் என்று ஒரு குரல் இங்கிலீஷில் சொன்னது. சேர்மன் தண்ணீர் குடித்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசியில், சிறு பங்குதாரர்களின் நம்பிக்கைதான் எங்கள் பலம் என்று சொல்லிக் கும்பிட்டு முடித்தார்கள்.

அங்கேயே உடைத்துச் சொல்லிவிட்டேன். இவருக்கு வால்வு போய்விட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், நாளைக்கே விற்கப்போகிறோம். பாலவாக்கத்துக்காரர் எழுந்துவிட்டார்.

"இன்னா நைனா, இத்தினி நாளா கம்முனு இருந்துக்கினே?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம் என்றார், அடடா என்றார். அதன்பிறகு, இத்தனை நாள் பொறுத்தாச்சு, ரெண்டு வாரத்துல காலாண்டுக் கணக்கு வந்துடும், அதைப் பார்த்துட்டு நல்ல ரேட்டுக்கு விக்கலாமே என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடன் கொடுத்த பேங்குகள் கம்பெனியைத் திவால் கோர்ட்டுக்கு இழுத்தன. மறுநாள் காலையில் விலை ஒரேயடியாகக் கீழே போய் நின்றது. அதற்குமேல் அன்றைக்கு இறங்க விட மாட்டார்களாம். விற்பவர்கள் லட்சக்கணக்கில், வாங்க ஒருவனும் இல்லை. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். இவர் காலையில் கட்டிலில் உட்கார்ந்து போனில் விற்கச் சொல்லி ஆர்டர் போடுவார். சாயங்காலம் விற்காமல் திரும்பி வந்துவிடும். புரோக்கர் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டால், க்யூல இருக்கு அங்கிள் என்பாள். யாரும் விற்பதில்லை என்று பேசி வைத்த மூவரும் இப்போது யார் முதலில் விற்பது என்று ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஒரு காலையில் பாலவாக்கத்துக்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"யக்கா, நான் இன்னிக்குப் போடல. நைனாவோடது மொதல்ல போவட்டும். மேனேஜர் சாரையும் போடாதேன்னு சொல்ட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. லட்சம் பேர் நிற்கும் வரிசையில் இரண்டு பேர் விலகி நின்று என்ன ஆகப்போகிறது? அவருக்கும் அது தெரிந்திருக்கும். நல்லா இருங்க தம்பி என்று மட்டும் சொன்னேன். இவர் அன்றைக்கும் போட்டார். அன்றைக்கும் திரும்பி வந்தது. பிறகு அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வடக்கிலிருந்து முதலாளி நிஜமாகவே வந்தான். கம்பெனியை எடுத்துக்கொண்டான். பேங்குகள் தங்கள் கடனுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டன. பழைய பங்கு அத்தனையும் ரத்து. ஒரு பைசா கிடையாது. மோட்டார் இப்போதும் அதே பெயரில்தான் வருகிறது, பிழைத்துக்கொண்டது கம்பெனி. நான் கேட்ட கேள்விக்குப் பதில் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் இருக்கிறது. போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் டாக்டரம்மா நல்லவர். உங்களுக்கு முன்னால் இருப்பவர்களுக்கும் இதே கதிதான் அம்மா என்றார். சண்டை போட எனக்கு அங்கே வாய் எழவில்லை. இவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் கிடக்கிறார். மாடியை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் பார்க்க வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றி விசாரித்தார். நான் ஒரு கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் தாழ்ந்து கேட்டது. ஒரு கேபிள் கம்பெனி, பாதி விலைக்கு வந்திருக்கிறது, நிலம் மட்டுமே இத்தனை பெறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மிஷினை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "வயரு... நல்ல வயருதான் சார் அது. கடையில... நானே வித்திருக்கேன்."

பாதிப் பாதியாகத்தான் சொன்னார். அதற்குமேல் மூச்சு இல்லை. ஆனால் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

மேனேஜரை எழுந்திருக்கச் சொன்னேன். பாதிக் காபியோடு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கதவைச் சாத்தினேன்.

அன்றைக்கு முழுக்க இவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தாலாவது மூச்சு மிச்சமாகும் என்று நானும் விட்டுவிட்டேன்.